தொண்ணூறு விநாடி மழை

"போங்கண்ணா, போங்க! எடுங்க வண்டியை!"

ஓடி வந்த வேகத்தில் அனுப்ரியா ஆட்டோவுக்குள் ஏறினாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று கடை வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தது.

சாவியைத் திருகிய கையோடு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி.

"அம்மிணி, இது சவாரிக்கு வரலீங்க. நானு வந்து..."

"உயிர் போற அவசரம்ணா!"

"அதில்லீங்க, நானு இப்ப..."

"பஸ் ஸ்டாண்டு! கொள்ளேகால் பஸ் நாலேகாலுக்கு எடுத்துருவான். அதுல ஒருத்தர் போறார். அவரை விட்டா என் ரெண்டு வருஷம் போச்சு!"

பின்னால் டிராஃபிக் போலீஸ்காரரின் விசில் காதைக் கிழித்தது. லத்தி ஆட்டோவின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியது. ஆட்டோக்காரர் போலீஸ்காரரைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி கியரைப் போட்டார்.

மணி நாலு எட்டு.

அந்த ஒருத்தரின் பெயர் அனுப்ரியாவுக்குத் தெரியாது. முகம் தெரியாது. ஆணா பெண்ணா என்பதுகூட மாமா சொல்லித்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆறு நிமிடத்துக்கு முன்னால், அவளுடைய மாமாவின் கடையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்த மனிதர் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழை பெய்தது திரையில்.

மைசூரு மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் முரளிதரன் மாமாவின் மொபைல் ரிப்பேர் கடை. மாடியில் ஒரு அறை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த அனுப்ரியாவும் அவளோடு வேலை பார்த்த ஹேமந்தும் அந்த அறையில் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். படமும் யோசனையும் அவள். கணக்கும் புரோகிராமும் அவன்.

கேமின் பெயர் 'சிமினி'. கையில் ஒரு சிமினி விளக்கோடு குட்டி உருவம் ஒன்று காட்டுக்குள் நடந்து போகும். அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. பாயிண்டு கிடையாது. திரையில் ஒரு எழுத்துகூட வராது. பனி, இருட்டு, எங்கோ தூரத்தில் ஒரு மாட்டுமணிச் சத்தம். வழியில் பள்ளம் இருக்கும், பாலம் உடைந்திருக்கும், பூட்டின கதவு இருக்கும். எதைத் தள்ள வேண்டும், எதில் ஏற வேண்டும், எப்போது குதிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விழுந்தால் விளக்கு அணையும். மறுபடி எழுந்து நட, நீயே கண்டுபிடி என்று விட்டுவிடும்.

"இதை எவன்ம்மா விளையாடுவான்?" என்று ஆரம்பத்தில் கேட்டவர் முரளிதரன் மாமாதான். ஆனாலும் மனசு கேட்காமல் கடையில் ஒரு பழைய மானிட்டரையும் நாற்காலியையும் போட்டுக்கொடுத்தார். ஃபோன் ரிப்பேராகும்வரை காத்திருப்பவர்கள் விளையாடலாம். யார் என்ன செய்தார்கள் என்பது மாடியிலுள்ள கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும்.

பூக்காரி சித்தம்மா ஃபோன் கண்ணாடி மாற்ற வந்தாள். ஐந்து நிமிஷ வேலை. ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. "ஏய், அல்லி ஹோகபேடா, அங்க போகாதே கண்ணே, பள்ளம்டா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். மூன்றாவது கதவு திறந்தபோது, பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோலத் தெருவுக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். மடியிலிருந்த மல்லிகை வாடிப்போனதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

அந்த முகம். யாரும் சொல்லித்தராமல் தானாக ஒரு கதவைத் திறந்தவரின் முகம். அதற்காகத்தான் அனுப்ரியா வேலையை விட்டாள்.

தகராறு ஒன்பதாவது கட்டத்தில் வந்தது.

ஒன்பதாவதில் மழை பெய்யும். எதிரே ஓடை, வெள்ளம் புரண்டு போகும். மழையில் நாலடி நடந்தால் விளக்கு அணைந்துவிடும். தாண்டவும் முடியாது, நீந்தவும் முடியாது. பின்னால் ஒரு பெரிய மரம் இருக்கிறது. அதனடியில் போய், எந்தப் பொத்தானையும் தொடாமல் தொண்ணூறு விநாடி சும்மா நிற்க வேண்டும். மழை விடும், தண்ணீர் வடியும், ஓடையில் ஏழு கல் தலை தூக்கும். அவற்றின் மேல் நடந்து போய்விடலாம்.

மூன்று வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். குதித்தார்கள், ஓடினார்கள், மரத்தை உதைத்தார்கள். ஒருவர் கன்ட்ரோலரையே மேசையில் போட்டு அடித்தார். சும்மா நின்றவர் ஒருவர்கூட இல்லை.

"இந்தக் காலத்துல ஒன்றரை நிமிஷம் யார் சும்மா இருப்பா அனு? லிஃப்ட் வர லேட்டானாலே பட்டனைப் பத்துத் தடவை அமுக்கறான். எடுத்துடு இந்த மழையை" என்றான் ஹேமந்த்.

"மழையை எடுத்தா இது என் கேமே இல்ல."

பெங்களூரில் ஒரு கேம் கண்காட்சி. சனிக்கிழமை தொடக்கம். இன்று வியாழன், மாலை ஐந்து மணிக்குள் கேமை அனுப்பிவிட வேண்டும். ஹேமந்த் இரண்டு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தான், மழையோடு ஒன்று, மழை இல்லாமல் ஒன்று. ஒப்பந்தம் இதுதான்: ஐந்து மணிக்குள் முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள், யாரும் சொல்லித்தராமல் ஒன்பதைத் தாண்டிவிட்டால் மழை இருக்கும். இல்லையென்றால் போகும்.

போன வாரம் ஒரு ஆளுக்கு மழை விடவும் செய்தது. எதிர்க்கடை ஜூஸ்காரர் பரத். அனுப்ரியா கூத்தாடிக்கொண்டே கீழே ஓடினால், பரத் கையில் டீயோடு அப்போதுதான் உள்ளே வந்து, "என் கேமை யார் மாத்தினது? இங்க மழை பேஞ்சுக்கிட்டு இருந்ததே?" என்று சண்டைக்கு வந்தார். அதற்கப்புறம் ஹேமந்த் இன்னொரு நிபந்தனை சேர்த்தான். தாண்டிய ஆள், தெரிந்துதான் நின்றேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

இன்று நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு மாடிக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ஒன்பது முடிந்தது!

இருவரும் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். உருவம் மழையில் மூன்றடி போகிறது. விளக்கு படபடக்கிறது. நிற்கிறது. பின்வாங்கி மரத்தடிக்கு வருகிறது. தொண்ணூறு விநாடி அசைவே இல்லை. மழை விடுகிறது. ஏழு கல்லையும் தாண்டி அக்கரை சேர்கிறது. சேர்ந்ததும் ஒரு வேலை செய்கிறது, நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் எந்தக் கட்டத்திலும் செய்யாத வேலை. வந்த வழியே முகத்தைத் திருப்பி, அந்த மரத்தை ஒரு தரம் பார்க்கிறது.

அதோடு சரி. நாற்காலி காலி.

"இதுவும் டீ குடிக்கப் போன கேஸ்தான்" என்றான் ஹேமந்த்.

"மரத்தைத் திரும்பிப் பாக்கறார்டா!"

"கை தவறிப் பட்டிருக்கும். சரி, ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நிஜமாவே பிடிச்சிருந்தா பத்தாவதுக்குப் போகாம ஏன் பாதியில எழுந்து போறான்?"

அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தியது. அவள் படியில் உருண்டு இறங்கினாள்.

மாமா பூதக்கண்ணாடிக்குள் தலையை விட்டிருந்தார். அவருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது, ஃபோனின் போர்டுதான் ஞாபகம் இருக்கும்.

"மாமா! இங்க உக்காந்திருந்தது யாரு?"

"பச்சைக் கவரு, ஸ்பீக்கர் போச்சு. பார்ட் வரணும், சனிக்கிழமை வாங்கன்னு சொல்லி இருவது நிமிஷம் ஆச்சு. அந்த ஆள் எழுந்திருச்சாத்தானே? இப்பத்தான் போனாரு."

"கேமராவைப் போடுங்க!"

"அது டம்மி கண்ணு. உள்ள ஒண்ணும் கிடையாது. திருடன் பயப்படணும்னு மாட்டினது."

அனுப்ரியா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். மாமாவின் நோட்டில் பெயர் இருக்காது. ஊர்தான் இருக்கும். தமிழ் பேசிக்கொண்டு யார் வந்தாலும் முதல் கேள்வியே, 'உங்களுக்கு எந்த ஊரு?' அதற்கப்புறம் அவர் அந்த ஊராகவே ஆகிவிடுவார். 'ஏ தர்மபுரி, உன் பேட்டரி வந்தாச்சு.' 'வாணியம்பாடி அக்கா, நாளைக்கு வாங்க.' அங்கே வருகிற எல்லோருக்கும் அது பழக்கம்.

கடைசி வரி: 'ராமாபுரம். பச்சைக் கவர். ஸ்பீக்கர்.' பக்கத்தில் ஒரு ஃபோன் நம்பர்.

ராமாபுரம்! ஹனூர்ப் பக்கம். கொள்ளேகால் போய்ப் பஸ் மாற வேண்டும். பார்ட் வர இரண்டு நாள் என்றதும் ஆள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்!

அப்படித்தான் அவள் இந்த ஆட்டோவில் வந்து விழுந்தாள்.

ஓடும் ஆட்டோவில் அந்த நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எடுத்துவிட்டார்கள்!

"ஹலோ சார், நீங்க இப்ப மொபைல் கடையில..."

"அனு," என்றது முரளிதரன் மாமாவின் குரல், "இது என் மேசைல கிடக்கற ஃபோனும்மா. இதுக்குத்தானே பார்ட் வரணும்."

அனுப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியே பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, அவரு உங்களுக்கு ரொம்ப வேண்டியவருங்களா?"

"ரொம்ப."

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்களா?"

"சொல்லாமப் போயிட்டார். அஞ்சு மணிக்குள்ள அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா எல்லாம் முடிஞ்சுது."

ஆட்டோக்காரரின் முதுகு நிமிர்ந்தது. அதுவரை அரைமனதோடு ஓடிய வண்டிக்குத் திடீரென்று வீரம் வந்தது. "சொல்ல வெச்சுப் போடலாமுங்க! எம்பேரு மல்லப்பன். பன்னண்டு வருசமா இந்த மைசூர்ல வண்டி ஓட்டறேன். நீங்க கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

பஸ் ஸ்டாண்டு. நாலு பதினெட்டு. கொள்ளேகால் நடைமேடையில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அனுப்ரியா ஒற்றைச் செருப்போடு தாவி ஏறினாள்.

"ராமாபுரம் போறவங்க யாராவது இருக்கீங்களா?"

ஏழு கை உயர்ந்தது.

முன்சீட்டில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் வெலவெலத்துப் போனாள். "என்ன கண்ணு? ஊர்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா?"

"இல்லம்மா, இல்ல. உங்கள்ல யாராவது இன்னிக்கு மொபைல் கடையில மரத்தடியில நின்னீங்களா?"

பஸ் மொத்தமும் அவளைப் பார்த்தது.

"கடைக்குள்ள ஏது மரம்?" என்றார் கண்டக்டர்.

"அதாவது, மழை பேஞ்சுதே, அப்ப..."

"இன்னிக்கா? மழையா?" கண்டக்டர் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார். குரலில் கனிவு வந்துவிட்டது. "உக்காரும்மா. தண்ணி குடி. வீட்டு நம்பர் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

பலாப்பழத்து அம்மாளின் பெயர் ராமக்காள். அவள்தான் நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொண்டாள். "இந்த வண்டி நாலரைக்குத்தான் எடுப்பான் கண்ணு. நாலேகால் வண்டி இப்பத்தான் போச்சு. அதுல எங்கூர்க்காரங்க மூணு பேரு இருந்தாங்க. அதுல ஒருத்தன் கையில ஃபோனே இல்ல, சும்மாவே உக்காந்திருந்தான். நாங்கூடப் பாத்தேன்."

ஃபோன் இல்லாத ஆள்!

அனுப்ரியா இறங்கி ஓடினாள். பின்னால் ராமக்காள் ஜன்னல் வழியே வெளியே யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தாள். மல்லப்பன் ஒரு பொட்டலம் கடலையோடு பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, அவரும் யாருக்கோ கையாட்டிவிட்டு வண்டிக்கு வந்தார். அனுப்ரியாவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் இல்லை.

"முன்னாடி வண்டிண்ணா! நரசிபுரம் ரோட்டுல போயிட்டிருக்கும்!"

"ரிங் ரோடு சந்திப்புல ஆள் ஏத்த நிப்பானுங்க. புடிச்சுப் போடலாம்."

ஆட்டோ பறந்தது. நஜர்பாத் பின்னால் போனது, ஜூவின் மதில் பின்னால் போனது. ஸ்கூல் வேன் ஒன்று, தண்ணீர் லாரி ஒன்று, நடுரோட்டில் படுத்திருந்த மாடு ஒன்று, எல்லாவற்றுக்கும் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து மல்லப்பன் ஓட்டினார். தூரத்தில் சிவப்பாக ஒரு பஸ்ஸின் முதுகு தெரிந்தது.

"அதுதான்! அதுதாண்ணா!"

அப்போது வானம் இருண்டது.

மே மாதத்து மழை. சொல்லிக்கொண்டு வருகிற மழை இல்லை அது. முதலில் ஒரு புழுதிக்காற்று, பிறகு நாலு பெருந்துளி, அதற்கப்புறம் யாரோ மேலேயிருந்து அண்டாவைக் கவிழ்த்ததுபோல. சிவப்பு பஸ் கண்ணிலிருந்து மறைந்தது. ரோடும் மறைந்தது.

மல்லப்பன் வேகத்தைக் குறைத்தார். வண்டியை ஓரம் கட்டினார். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"என்னண்ணா நிறுத்திட்டீங்க?"

"மழைங்க."

"மழைன்னா? போங்கண்ணா! பஸ் போயிரும்!"

"வைப்பரு வேலை செய்யாது. முன்னாடி என்ன வருதுன்னு தெரியலீங்க. பள்ளத்துல உட்டா நாம எங்கீங்க போறது? நின்னு போலாம்."

"நிக்க நேரம் இல்லண்ணா!"

"நேரம் இருக்குதோ இல்லியோ, மழை இருக்குதே." கடலைப் பொட்டலத்தைப் பின்பக்கம் நீட்டினார். "சாப்புடுங்க."

அனுப்ரியா இறங்கி நடக்கப் பார்த்தாள். மூன்றாவது அடியில் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். மணி நாலு முப்பத்தைந்து. ஃபோனை எடுத்தாள், வைத்தாள். சீட்டின் கம்பியை விரலால் தட்டினாள். மறுபடி ஃபோனை எடுத்தாள்.

நாலு நாற்பத்தைந்துக்கு ஹேமந்த் கூப்பிட்டான். அவர்களுக்கு நடுவில் ஓடுகிற பாஷை கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடியும். "ஏனாய்து அனு, என்னாச்சு? ஆள் சிக்கினானா?"

"இன்னும் இல்ல. மழை. மாட்டிக்கிட்டேன்."

"மழையா? இங்க வெயில் அடிக்குதே?" ஒரு சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. "அனு, அனுப்பறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகும். நாலு அம்பத்தஞ்சுக்கு நான் அமுக்கியாகணும். சாரி."

"ஹேமந்த், ப்ளீஸ்டா..."

"நானும் அந்த மழை இருக்கணும்னுதான் நினைக்கிறேன். ஆனா யாருக்கும் புரியலையே?"

ஃபோனை வைத்தபோது அனுப்ரியாவின் கண் கலங்கியிருந்தது. மல்லப்பன் திரும்பவில்லை. கடலையை ஒவ்வொன்றாக உடைத்து வாயில் போட்டபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாத முகம்.

"எப்படிண்ணா உங்களால இப்படி உக்காந்திருக்க முடியுது?"

"பின்ன என்னங்க பண்றது? நாம பண்றதுக்கு ஒண்ணுமில்லாத எடத்துல சும்மா இருக்கோணும். அதுவா உடும்."

அனுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரைத் திட்டியிருக்கிறாள், பொறுமையில்லாத ஜனங்கள் என்று. இப்போது நூற்றுப் பதிமூன்றாவது ஆளாகத் தானே உட்கார்ந்து கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். விரலை மடக்கிக்கொண்டாள். ஃபோனைப் பைக்குள் போட்டாள். ஒரு கடலையை எடுத்து உடைத்தாள்.

இலைகளின் மேல் மழை விழும் சத்தம் கேட்டது. கேமுக்காக இந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய இரண்டு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்றவள் அவள். ஆனால் நிஜ மழையில் இப்படி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று? ரோட்டில் ஓடிய செம்மண் தண்ணீர் மெல்ல மெல்ல இளைத்தது. துளிகளுக்கு நடுவே இடைவெளி வந்தது. எங்கேயோ ஒரு தவளை ஆரம்பித்தது.

மழை விட்டது.

மணி நாலு ஐம்பத்திரண்டு. பஸ் இந்நேரம் எங்கேயோ. எல்லாம் முடிந்துபோனது. "திருப்புங்கண்ணா, கடைக்கே போயிடலாம்" என்றாள்.

மல்லப்பன் எஞ்சினை முடுக்கி, வண்டியை ரோட்டில் ஏற்றித் திருப்பினார். பத்தடி போனதும் நிறுத்தினார். பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டி, வந்த பக்கமாகக் கழுத்தைத் திருப்பி, அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை ஒரு தரம் பார்த்தார்.

பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அனுப்ரியாவின் வாயில் கடலை அப்படியே நின்றது.

"அண்ணா."

"சொல்லுங்க."

"உங்க ஃபோன் எங்க?"

"ரிப்பேருங்க. ஸ்பீக்கரு. சனிக்கெழமதான் குடுப்பாங்களாம்."

"கவர்... என்ன கலர்?"

"பச்சைங்க. ஏன்?"

அவள் முன்பக்கம் எட்டிச் சாய்ந்தாள். "உங்களுக்கு எந்த ஊரு?"

"சொந்த ஊருங்களா? ராமாபுரம். அந்தப் பஸ்ல பலாப்பழத்தோட உக்காந்திருந்தாங்களே, எங்க சின்னம்மாதான்."

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

மல்லப்பன் பிரேக்கை மிதித்த மிதியில் கடலைப் பொட்டலம் பறந்தது. அனுப்ரியா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஹேமந்த்! கையை எடு! அமுக்காதே! ஆள் இங்க இருக்கார்! என் முன்னாடி! முதல்லேர்ந்தே என் முன்னாடிதான் இருக்கார்!"

"யாரு? எங்கே?"

"அண்ணா, அந்த கேம். மாமா கடையில. விளக்கு எடுத்துக்கிட்டு நடந்துச்சே. அதை விளையாடினது நீங்கதானே?"

மல்லப்பன் திருட்டுப் பிடிபட்டவர்போல விழித்தார். "ஆமாங்க. காத்துக்கிட்டு இருக்கறவங்க ஆடலாம்னு எழுதியிருந்துச்சு. வேலை முடிஞ்சப்புறமும் கொஞ்ச நேரம் ஆடிப்போட்டேன். தப்புங்களா?"

ஹேமந்த் நம்பவில்லை. வக்கீல் மாதிரிக் கன்னடத்தில் குறுக்கு விசாரணை செய்தான். மல்லப்பனும் கன்னடத்திலேயே பதில் சொன்னார், இரண்டு வாக்கியம் போனதும் தமிழுக்கு இறங்கிவிட்டார்.

"மழை நின்னதும் என்ன சத்தம் கேட்டுச்சு சார்?"

"தவளைங்க. மொதல்ல ஒண்ணு. கொஞ்ச நேரங் கழிச்சு ரெண்டு. அந்த ஸ்பீக்கரு நல்லா இருந்துச்சு, எம்பட ஃபோனு மாதிரி இல்ல."

"மரத்தடியில ஏன் நின்னீங்க? யாராவது சொன்னாங்களா?"

"இதுக்கு யாருங்க சொல்லோணும்? கையில வெளக்க வெச்சுக்கிட்டு எவனாச்சும் மழையில ஓடுவானா? வெள்ளமும் போவுது. மழை உட்டா தண்ணி எறங்கும். எறங்கட்டும்னு நின்னேன்."

"அப்புறம் ஏன் மரத்தைத் திரும்பிப் பாத்தீங்க?"

மல்லப்பன் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நனையாம வெச்சிருந்த மரமுங்களே. ஒரு பார்வை பாக்காம எப்படிங்க போறது?"

அனுப்ரியா ஃபோனில் மணியைப் பார்த்தாள். நாலு ஐம்பத்தைந்து.

டக். ஒரு பொத்தான் அழுந்தும் சத்தம்.

"களிஸ்தே, அனு" என்றான் ஹேமந்த். "அனுப்பிட்டேன். மழையோடதான்." பிறகு, "அந்த சாருக்கு என் நமஸ்காரா சொல்லு" என்று சேர்த்தான்.

அனுப்ரியா நடுரோட்டில் இறங்கிக் குதித்தாள். ஒற்றைச் செருப்பையும் உதறி எறிந்துவிட்டுக் குதித்தாள். பைக்கில் வேகமாகப் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"அப்ப அந்த மாப்பிள்ளை?" என்றார் மல்லப்பன், ஒன்றும் புரியாமல்.

"மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். அந்த கேமைப் பண்ணினது நான்தான்."

"அட! நீங்களுங்களா?" மல்லப்பனின் முகம் மலர்ந்தது. "நல்லா இருந்துச்சுங்க அம்மிணி. ஒரு கட்டுப்பாடும் இல்லாம எங்கியோ நடந்து போற மாதிரி. ஒருத்தனும் ஆரன் அடிக்கல. ஒருத்தனும் லெப்ட்டுல போ ரைட்டுல போன்னு சொல்லல. அந்தக் கதவு தொறக்கறப்ப, நானே தொறந்தேன்னு..." சொல்லத் தெரியாமல் கையை விரித்தார்.

சித்தம்மாவின் முகத்தில் பார்த்த அதே வெளிச்சம். ஆனால் அனுப்ரியாவுக்கு ஒரு முள் மட்டும் இன்னும் உள்ளே இருந்தது. கேம் மழையோடு போயாகிவிட்டது, இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவ்வளவு பிடிச்சிருந்துச்சுன்னா அண்ணா, அக்கரை போனதும் ஏன் எழுந்து போயிட்டீங்க? அதுக்கப்புறம் போரடிச்சிடுச்சா? உண்மையைச் சொல்லுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

மல்லப்பன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார்.

"போரா? நானு எங்கீங்க போனேன்? வெளிய போலீஸ்காரன் விசிலு ஊதினான். வண்டிய நாலு கடை தள்ளி நிறுத்திப்போட்டு ஓடியாந்து, அக்கரையில நிக்கற அந்தப் பொடியனக் கூட்டிக்கிட்டு மேக்கொண்டு போலாம்னுதான் வெளிய வந்தேன். அந்தப் போலீஸ்காரன்கிட்ட அஞ்சு நிமிசம் பேசி, சாவியத் திருகறேன்..."

மல்லப்பன் சீட்டைக் காட்டினார்.

"நீங்கதான் அம்மிணி வந்து விழுந்து, போங்க போங்கன்னீங்க."